பதிவு எண் இல்லாத மின்வண்டியில் வேலைக்குச் சென்று அடிபட்ட தம்பிக்கு என்ன வழி?

கேள்வி: சிப்புட் அக்கா

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். என் தம்பிக்கு வயது 38. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பகுதியில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறான். தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறித் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கிய பிறகு, ஆலைக்குப் போக ஆறு கிலோமீட்டர் ஆகிறது. பழைய மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டதால், சென்ற ஆண்டு இணையக் கடையில் 2,300 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மின்சைக்கிள் வாங்கினான். மிதிகட்டை இருக்கிறது என்றாலும், கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலேயே ஓடும். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை போகும் என்று அவனே சொல்லியிருக்கிறான். அதற்குப் பதிவு எண்ணும் காப்புறுதியும் கிடையாது.

மூன்று வாரங்களுக்கு முன்பு, காலை 6.20 மணிக்கு, இன்னும் இருட்டாக இருந்த நேரத்தில், எதிரே வந்த ஒரு பிக்கப் வண்டி தோட்டச் சாலைக்குள் நுழைவதற்காக அவன் முன்னால் குறுக்கே திரும்பியது. அவன் அதன் பக்கவாட்டில் மோதி விழுந்தான். வலது தொடை எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சையில் கம்பி வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டும் முறிந்திருக்கிறது. தலைக்கவசம் அணிந்திருந்ததால் உயிரோடு இருக்கிறான். மருத்துவ விடுப்பு இப்போதைக்குத் தொண்ணூறு நாள்.

எனக்கு உறக்கம் வராமல் செய்வது அதன் பிறகு நடந்தவை. ஆலையின் மேற்பார்வையாளர், "வண்டிக்கு நம்பர் இல்லை, சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு) எழுதினால் உன் தம்பிக்குத்தான் சம்மன் வரும், பேசாமல் இருங்கள்" என்று சொல்லிவிட்டார். பிக்கப்பின் உரிமையாளர் வீட்டுக்கே வந்து 3,000 வெள்ளி தருவதாகவும், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொல்கிறார். மருத்துவமனைக் கட்டிலருகே யாரென்றே தெரியாத ஒருவர் வந்து, எண்பதாயிரம் வாங்கித் தருகிறேன் என்று படிவங்களை நீட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரோ, போலீசிடம் அதைச் சாதாரண சைக்கிள் என்று சொல்லிவிடுங்கள் என்கிறார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. சட்டத்துக்கு ஒவ்வாத வண்டியில் போனதால் என் தம்பிக்கு எந்த உரிமையுமே இல்லாமல் போய்விடுமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். என் மகனுக்கு வயது 15. நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டரில்தான் பள்ளிக்குப் போகிறான். இந்த விபத்துக்குப் பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

தங்கை, முதலில் உங்கள் தம்பி விரைவில் குணமாக வேண்டுகிறேன். நான் மூன்று தோட்டங்களில் கிராணியாக இருந்தவன். சொக்சோ படிவங்களை முப்பது ஆண்டுகளாக என் கையால் நிரப்பியிருக்கிறேன். மேற்பார்வையாளர் சொன்னது தவறு. அவர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்று ஆராய்வதால் உங்களுக்கு நன்மை ஏதுமில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு நாள்களைக் கடத்திவிடாதீர்கள்.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தொழிலாளி தன் வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும், வேலையிடத்திலிருந்து வீட்டுக்கும் செல்லும் வழியில் விபத்து நேர்ந்தால், அது வேலையினால் ஏற்பட்ட காயமாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். அனுமதிக்கப்பட்ட ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழியும் அதில் அடங்கும். அந்தப் பிரிவு பயணத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நடந்து போகிறவருக்கும், சைக்கிளில் போகிறவருக்கும், பேருந்தில் போகிறவருக்கும் அது ஒன்றுதான். வழியில் வேறு சொந்த வேலைக்காகத் திசைமாறிப் போனாரா, பயணத்தை இடையில் முறித்தாரா என்பதைத்தான் அதிகாரி உன்னிப்பாகப் பார்ப்பார். உங்கள் தம்பி தாமானிலிருந்து ஆலைக்கு வழக்கமான பாதையில், வேலை தொடங்கும் நேரத்தை ஒட்டிச் சென்றிருக்கிறார். வீடு, ஆலை, விபத்து நடந்த இடம் ஆகிய மூன்றையும் காட்டும் வரைபடம் ஒன்றை இன்றே வரைந்து வையுங்கள். அந்த மாதத்தின் வருகைப் பதிவின் நகலையும், அன்றைய ஷிப்ட் அட்டவணையையும் ஆலை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

விபத்து பற்றித் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. அவர் அறிவிக்கவில்லை என்றால், நீங்களே ஈப்போவில் உள்ள பெர்கெசோ (சொக்சோவின் மலாய்ப் பெயர்) அலுவலகத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். முதலாளி அறிவிக்காதது முதலாளியின் குற்றம். அதற்காகத் தொழிலாளியின் உரிமை பறிபோகாது.

கிடைப்பது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக இயலாமை உதவித்தொகையாகச் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். உங்கள் தம்பியின் சம்பளம் மாதம் 2,400 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், தொண்ணூறு நாளுக்குத் தோராயமாக 5,600 வெள்ளி வரும். பிக்கப்காரர் கொடுக்க வந்த 3,000 வெள்ளியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிகிச்சை முடிந்து கால் முழுமையாக மடங்காமலோ, குட்டையாகவோ நின்றுவிட்டால், அதை மருத்துவக் குழு விழுக்காட்டில் மதிப்பிடும், அதன்படி நிரந்தர இயலாமைக்கான தொகையையும் சொக்சோ தரும். அந்த மதிப்பீடு குறைவு என்று நீங்கள் கருதினால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. பாய்லர் அருகே நாள் முழுவதும் நிற்க முடியாது என்ற நிலை வந்தால், மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றையும் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையம் இருக்கிறது. இவற்றையெல்லாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

எனக்கு இன்றும் மறையாத வருத்தம் ஒன்று உண்டு. என் காலத்தில் ஒரு வெட்டுமரத் தொழிலாளி, லைசென்ஸ் இல்லாத மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். லைசென்ஸ் இல்லை என்ற பயத்தில் வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதச் சொன்னார். நானும் அவர் சொன்னபடியே எழுதினேன். அதோடு அவர் கோரிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. அவர் சாகும்வரை நொண்டியபடியே நடந்ததைப் பார்த்தவன் நான். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள், தங்கை.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: சிப்புட் அக்கா

ஐயா, மிக்க நன்றி. நாளையே ஆலை அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்கிறேன். உங்கள் பதிலைப் படித்த பிறகு இன்னும் சில விவரங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த பிக்கப், ஆலையின் சொந்த வண்டி அன்று. ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வரும் ஒப்பந்தக்காரர் ஒருவருடையது. ஓட்டியவர் அவரிடம் வேலை செய்பவர். அவர் அன்றே போலீசில் புகார் கொடுத்துவிட்டார். அதில் என் தம்பி விளக்கில்லாமல் வேகமாக வந்து மோதினான் என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். உண்மையில் முன்விளக்கு எரிந்தது, ஆனால் மங்கலான சிறிய விளக்கு. தம்பி அறுவைச் சிகிச்சையில் இருந்ததால் அவன் பக்கத்திலிருந்து இதுவரை புகார் எதுவும் கொடுக்கப்படவில்லை.

பதில்: வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், ஈப்போ

சகோதரி, வணக்கம். நான் வழக்கறிஞர் இல்லை. சாலை விபத்து வழக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கோப்புகளைத் தயார் செய்பவள். ஆகவே நான் சொல்வதைத் திசைகாட்டியாக எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

முதல் காரியம் போலீஸ் புகார். விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. மருத்துவமனையில் கிடந்தவரால் அது முடியாது என்பதை யாரும் புரிந்துகொள்வார்கள். தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதி, அறுவைச் சிகிச்சை நடந்த நாளைக் குறிப்பிட்டு, இனியும் தள்ளாமல் கொடுத்துவிடுங்கள். இப்போது கோப்பில் இருப்பது எதிர்த் தரப்பின் சொல் மட்டுமே. புலனாய்வு அதிகாரி அதை வைத்தே முடிவுக்கு வந்துவிட்டால், பின்னால் மாற்றுவது கடினம்.

அந்தப் புகாரில் அதைச் சாதாரண சைக்கிள் என்று எழுதவே கூடாது. பெரியவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவின்படி குற்றம். அது மட்டுமல்ல. விபத்து இடத்தின் படங்களில் மோட்டாரும் மின்கலமும் தெரியும். காப்புறுதி நிறுவனத்தின் புலனாய்வாளர் அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு, விளக்கு எரிந்தது என்று உங்கள் தம்பி சொல்லும் உண்மையையும் நீதிமன்றம் நம்பத் தயங்கும்.

அப்படியானால் பதிவில்லாத வண்டி என்ற குறையால் என்ன நேரும்? போலீசோ ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவோ அதற்காகத் தனியாக நடவடிக்கை எடுக்கலாம், அபராதம் வரலாம். அதை மறைக்காமல் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள். ஆனால் எதிரே வந்த வண்டி குறுக்கே திரும்பியது சரியா தவறா என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது. வண்டிக்குப் பதிவு இல்லை என்பதும், அந்த விபத்து எதனால் நேர்ந்தது என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் இரண்டையும் ஒன்றாகக் கட்டப் பார்ப்பார். உங்கள் வழக்கறிஞர் அவற்றைப் பிரித்துக் காட்டுவார். விளக்கு மங்கலாக இருந்தது, வேகம் கூடுதலாக இருந்தது என்று நிரூபணமானால், 1956ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இழப்பீட்டிலிருந்து அவருடைய பங்கைக் கழிப்பார்கள். நூறாயிரம் வெள்ளி என்று மதிப்பிட்டு, அவர் பங்கு முப்பது விழுக்காடு என்று நீதிமன்றம் கருதினால், எழுபதாயிரம் கிடைக்கும். கோரிக்கை முழுவதுமே இல்லாமல் போய்விடும் என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

பிக்கப் ஆலையுடையது அன்று என்று நீங்கள் சொன்ன விவரம் மிகவும் முக்கியமானது. சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு, வேலைக் காயத்துக்காகத் தொழிலாளி தன் முதலாளி மீதோ, அந்த முதலாளியின் ஊழியர் மீதோ தனியாக இழப்பீட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. ஆலை வண்டியை ஆலை ஊழியர் ஓட்டி மோதியிருந்தால், இந்தத் தடை உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கும். ஒப்பந்தக்காரர் உங்கள் தம்பியின் முதலாளி இல்லை, ஓட்டியவரும் ஆலையின் ஊழியர் இல்லை என்றால், அந்தத் தடை பொருந்தாது. சொக்சோ ஒரு பக்கம், பிக்கப் தரப்பின் மீதான கோரிக்கை இன்னொரு பக்கம் என இரண்டையும் நடத்தலாம். ஆகவே ஒப்பந்தக்காரருக்கும் ஆலைக்கும் உள்ள உறவு என்ன, ஓட்டுநருக்குச் சம்பளம் தருவது யார் என்பதை வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள்.

சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆகவே இழப்பீடு பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் சட்டைப்பையிலிருந்து வராது, அவருடைய காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வரும். அப்படியிருக்க அவர் ஏன் 3,000 வெள்ளியோடு அவசரமாக வந்தார் என்று யோசியுங்கள். அந்தக் கடிதத்தில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு கால் சரியாக ஒட்டாமல் இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் எதையும் கேட்க முடியாத நிலை வரலாம். மனிதாபிமானத்தோடு மருத்துவச் செலவுக்குத் தருகிறார் என்றால், எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டதாக மட்டும் எழுதிக் கொடுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். ஒருவேளை அந்த வண்டிக்குச் செல்லுபடியாகும் காப்புறுதியே இல்லை என்று தெரியவந்தாலும், அத்தகைய வழக்குகளுக்காக மோட்டார் காப்புறுதியாளர் கழகம் என்ற அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது.

மருத்துவமனைக்கு வந்த அந்த மனிதரைப் பற்றி நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். நம் மக்களை இவர்கள் ஏமாற்றுவதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துபோனவள் நான். மயக்கம் தெளியாதவரின் கட்டை விரலைப் பிடித்து அழுத்தி வாங்கிய படிவங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வென்றால் இத்தனை விழுக்காடு என்று பங்கு பேசி வழக்கு நடத்துவது 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டத்தின்படி வழக்கறிஞருக்கே அனுமதிக்கப்படாத ஒன்று. இடைத்தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? எக்ஸ்ரே கூடப் பார்க்காமல் எண்பதாயிரம் என்று தொகை சொல்கிறவரை நம்பாதீர்கள். வசதி குறைவு என்றால் சட்ட உதவி இலாகாவையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகித் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வருமான இழப்பைக் கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது. எதிர்கால வருமான இழப்புக்கு, 31 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கு, அறுபதிலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்த எண்ணைப் பெருக்கியாகக் கொள்வார்கள், அதாவது அத்தனை ஆண்டுகளின் வருமான இழப்பாகக் கணக்கிடுவார்கள். உங்கள் தம்பிக்கு அது 11. முப்பதும் அதற்குக் குறைவான வயதும் உள்ளவர்களுக்கு 16. விபத்துக்கு முன் அவர் உழைத்துச் சம்பாதித்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டுகளை, குறிப்பாக ஓவர்டைம் காட்டும் மாதங்களின் சீட்டுகளைத் தேடி எடுங்கள். வார இறுதியில் அவர் வேறு சிறு வேலைகள் செய்து பணம் ஈட்டியிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். நம்மவர்கள் ரசீது இல்லாமல் உழைப்பதால்தான் பாதித் தொகையை இழக்கிறார்கள்.

கால வரம்பு தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டுகள். ஆனால் சாலையில் இருந்த குழியோ, பொதுப்பணி இலாகாவோ நகராண்மைக் கழகமோ செய்யத் தவறிய வேலையோ காரணம் என்று அரசுத் தரப்பின் மீது வழக்குப் போடுவதானால் 36 மாதங்கள்தான். உயிரிழப்பு நேர்ந்து குடும்பத்தார் கோரிக்கை வைத்தால் மூன்று ஆண்டுகள். நிறைய நேரம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சந்திப்பில் எந்தக் கடையிலாவது கண்காணிப்புக் கேமரா இருந்தால், அதன் பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடும். மூன்று வாரங்கள் ஏற்கெனவே போய்விட்டன. இன்று மாலையே யாரையாவது அனுப்பிக் கேளுங்கள்.

பதில்: சைக்கிள் பட்டறைக்காரர், கோலகங்சார் சாலை

அக்கா, சட்டம் பற்றி மேலே இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். என் பட்டறைக்கு மாதம் பத்துப் பதினைந்து மின்வண்டிகள் வருகின்றன. அவற்றை ஓட்டி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் வண்டி எந்த வகை என்பதே தெரிவதில்லை.

மிதித்தால் மட்டுமே மோட்டார் துணைக்கு வரும் வகை ஒன்று உண்டு. அது பொதுவாக 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டது, சைக்கிளோடு சேர்த்து எண்ணப்படுவது. இன்னொன்று, ஜே.பி.ஜே.யில் பதிவு செய்து, எண் தகடும் காப்புறுதியும் உள்ள மின் மோட்டார் சைக்கிள். அதை ஓட்ட உரிமம் வேண்டும். உங்கள் தம்பியுடையது இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்குவது. உருவத்தில் சைக்கிள், ஓட்டத்தில் மோட்டார் சைக்கிள். நம் தோட்டப்புறங்களில் விபத்துக்குள்ளாகிறவற்றில் இந்த வகையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சட்டகமும் முன்கவையும் சைக்கிளின் எடைக்கும் வேகத்துக்கும் செய்தவை. பிரேக்கோ மெல்லிய கம்பி இழுக்கும் சைக்கிள் பிரேக். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏழு மீட்டர். 45 என்றால் பன்னிரண்டரை மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், பிடிப்பதற்கு முன்பே வண்டி முதல் வேகத்தில் பத்து மீட்டரும், இரண்டாம் வேகத்தில் பத்தொன்பது மீட்டரும் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் அந்தச் சிறிய பிரேக் வேலை செய்யத் தொடங்கும். மோதும்போது உள்ள ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதால், 25இல் விழுவதற்கும் 50இல் விழுவதற்கும் அடி நான்கு மடங்கு வேறுபடும்.

நம் சாலைகளின் நிலையும் இதில் சேர்கிறது. குலை லாரியிலிருந்து உதிர்ந்த பழம் ஒன்றின் மேல் சக்கரம் ஏறினாலே கைப்பிடி திரும்பிவிடும். மழைக்குப் பிறகு செம்மண் தார்ச்சாலையில் படிந்து சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். விழுந்து கிடக்கும் மட்டை இருட்டில் தெரியாது. அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கைவிளக்குப் போன்ற ஒரு விளக்கை நம்பிப் போவது எனக்குப் பெரும் கவலை. அந்த விளக்கு எதிரே வருகிறவருக்கு உங்களை எவ்வளவு தூரத்தில் காட்டும் என்பதுதான் முக்கியம். பிரதிபலிக்கும் மேலங்கி ஒன்று இருபது வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆலையில் வேலைக்குக் கொடுப்பதையே வழியிலும் அணிந்து போகலாம்.

உங்கள் மகனின் வண்டியைப் பற்றி. நின்று ஓட்டும் மின்ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்டுவது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கான விதிகள் 2021இல் வந்தன. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் வெளிப்படையாகவே அறிவித்தார். அதன் காரணத்தைச் சக்கரத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். மோட்டார் சைக்கிளின் சக்கரம் பதினேழு அங்குலம், இதனுடையது எட்டு அல்லது பத்து. மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கிவிடும் குழியில் இந்தச் சக்கரம் சிக்கி நின்றுவிடும். நின்று கொண்டிருக்கும் பையனின் உடல் நிற்காமல் முன்னால் பறக்கும். என் சொந்த அக்காள் மகனாக இருந்தால் அதைச் சாலையில் விடமாட்டேன். மிதிவண்டி வாங்கிக் கொடுங்கள், வேண்டுமானால் நானே நல்ல பழைய வண்டி ஒன்றைச் சரிசெய்து தருகிறேன்.

இன்னொரு முக்கியமான சொல்: உடைந்த மின்சைக்கிளை யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். ஆனால் அடிபட்ட லித்தியம் மின்கலத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. உள்ளே சேதமடைந்த கலம் பல நாள் கழித்தும் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். அதைக் கழற்றத் தெரிந்தவரைக் கொண்டு கழற்றி, படம் எடுத்து, வீட்டை விட்டு விலகி, வெயிலும் மழையும் படாத இடத்தில் மணல் நிரப்பிய பாத்திரத்தில் வையுங்கள். அதற்கு மின்னேற்றம் செய்து பார்க்கவே கூடாது.

பதில்: விபத்துப் பிரிவில் பணியாற்றிய தாதி

பட்டறைத் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மின்வண்டியிலிருந்து விழுந்தவர்களிடம் நான் அதிகம் கண்டது மணிக்கட்டு, காறை எலும்பு, முகம், தலை ஆகியவற்றில் காயங்கள். சிரிம் (SIRIM) தர முத்திரை உள்ள மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை வார்ப்பட்டையை இறுக்கி அணிந்தவர்கள் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள். உங்கள் தம்பி தப்பியது அதனால்தான். விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசினாலும், அடுத்த ஒரு நாளுக்குள் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான உறக்கம் ஏதேனும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

உங்கள் தம்பிக்கு இப்போது சொல்ல வேண்டியது, அடுத்த மருத்துவச் சந்திப்பில் எல்லா வலியையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தொடை வலியின் பெருந்துயரில் முதுகு வலியையும் தோள் வலியையும் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், அது இந்த விபத்தில் வந்ததா என்று கேள்வி எழும். முதல் வாரங்களின் குறிப்பில் இருப்பதுதான் பிறகு மருத்துவ அறிக்கையில் வரும்.

பதில்: வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், ஈப்போ

வண்டியைப் பாதுகாக்கச் சொன்ன பட்டறைக்காரருக்கு நன்றி. அதன் சட்டக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் கம்பி அறுந்ததோ, முன்கவையின் பற்றவைப்பு விட்டதோ காயத்தை அதிகமாக்கியது என்று பொறியாளர் ஒருவர் கண்டால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 68ஆம் பிரிவு உதவிக்கு வரும். குறையுள்ள பொருளைத் தயாரித்தவர் மட்டுமல்ல, வணிக நோக்கில் அதை இந்நாட்டுக்கு இறக்குமதி செய்தவரும், தம் பெயரை அதில் ஒட்டி விற்றவரும் பொறுப்பாவார்கள். வாங்கிய நாளின் பற்றுச்சீட்டு, விளம்பரப் படம், விற்பனையாளரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். இணையக் கடையின் பக்கம் எந்த நாளிலும் மறைந்துவிடக்கூடும்.

வண்டியின் விலையை மட்டும் திரும்பக் கேட்பதானால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணத்தில் நீங்களே மனுச் செய்யலாம். அங்கே 50,000 வெள்ளி வரை கேட்க முடியும். ஆனால் உடல் காயத்துக்கான இழப்பீட்டை விசாரிக்க அந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. பலர் இதைத் தெரியாமல் அங்கே போய் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காயத்துக்கான வழக்கு நீதிமன்றத்தில்தான் நடக்கும். மோட்டார் வண்டி விபத்து என்றால் தொகைக்கு உச்சவரம்பு இல்லாமல் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம்.

மகனைப் பற்றி ஒரு சொல். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களில் இரவில் சென்ற எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கார் ஓட்டுநரை உயர் நீதிமன்றம் 2022இல் தண்டித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. சிறுவர்கள் இறந்தாலே கார் ஓட்டியவர்தான் குற்றவாளி என்று சட்டம் தானாக முடிவு செய்யாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு வழக்குத் தொடுக்கும் காலக்கெடு பதினெட்டு நிரம்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை உங்களுக்குத் தேவைப்படும் நாள் வரவே வேண்டாம். பட்டறைக்காரர் தருவதாகச் சொன்ன சைக்கிளை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்: சிப்புட் அக்கா

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. நேற்று மாலையே மகனின் ஸ்கூட்டரைப் பூட்டி வைத்துவிட்டேன். இன்று காலை தம்பியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். கைப்பிடியைத் திருகி ஓட்டும் மின்வண்டி, எண் தகடு இல்லை, விளக்கு எரிந்தது என்று உள்ளதை உள்ளபடியே சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டு, வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். சம்மன் வந்தால் கட்டிவிடுவோம். ஆலை அலுவலகத்தில் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிவிட்டேன். சந்திப்பின் மூலையில் உள்ள சாப்பாட்டுக் கடையில் கேமரா இருக்கிறது. கடைக்காரர் இன்றிரவு பதிவைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிக்கப்காரர் மறுபடி வந்தால் என்ன சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

மரியாதையோடு உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள், தங்கை. அவர் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் எதுவானாலும் வழக்கறிஞர் படித்த பிறகுதான் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நான் ஈப்போவுக்கு வருகிறேன். பெர்கெசோ படிவத்தை உங்களோடு உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். சம்பளச் சீட்டுகளையும் வழி வரைபடத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.